கீழவாஞ்சூரில் கடலுக்குப் போகும் வழி

நாகை, திருவாரூர் பக்கத்தில் வாஞ்சூர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒயின்ஷாப்தான். புதுச்சேரியில் வரி குறைவு, விலையும் குறைவு. தமிழக எல்லை தாண்டியதும் புதுச்சேரியின் காரைக்கால் பகுதியில் வரும் முதல் ஊர் இது, அதனால் கூட்டம் கூடிவிடுகிறது. அந்தப் பெயர் இந்த ஊருக்குச் செய்திருக்கும் அநியாயம் பெரிது. சோதனைச்சாவடியையும் கடைகளையும் விட்டுக் கிழக்கே திரும்பிக் கடலை நோக்கி நடந்தால்தான் கீழவாஞ்சூர் கண்ணில் படும்.

நாகூருக்கும் இதற்கும் இடையே எல்லை வந்தது பிரெஞ்சுக்காரர்களால். 1739-இல் காரைக்காலைப் பிடித்தவர்கள் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்தார்கள். சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நடந்தது. ஆனால் மக்களின் போக்குவரத்தில் எல்லை என்று ஒன்று கிடையாது. நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது வாஞ்சூரில் நாற்பது நாள் தனித்திருந்து தவம் செய்ததாக நம்பிக்கை. அதனால் நாகூர் தர்காவுக்கு வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் இங்கேயும் வந்து ஓதிவிட்டுப் போகிறார்கள். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் அந்தத் தர்காவுக்குக் கட்டிக்கொடுத்த பெரிய மனாரா என்ற கோபுரத்தின் உயரம் 131 அடி. கடலில் இருப்பவர்களுக்கு அது வெகுகாலம் கரை அடையாளமாகவே இருந்தது.

இப்போது அந்த வேலையைத் துறைமுகத்தின் கிரேன்கள் செய்கின்றன. காரைக்கால் துறைமுகம் என்று பெயர், இருப்பதோ காரைக்கால் நகரத்துக்குத் தெற்கே இந்த வாஞ்சூர்க் கரையில். 2009-இல் கப்பல் வரத் தொடங்கியது. அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம், ஐந்து கப்பல் தளங்கள், உள்ளே வரை ரயில் பாதை. கடன் சிக்கலில் மாட்டித் திவால் நடவடிக்கைக்குப் போன துறைமுகத்தை 2023 ஏப்ரலில் அதானி குழுமம் 1,485 கோடி ரூபாய்க்கு வாங்கியது. இங்கே இறங்கும் சரக்கில் முக்கியமானது நிலக்கரி. அதன் தூசு காற்றில் வருகிறதென்று நாகூர்க்காரர்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகிறார்கள்.

துறைமுக மதில் ஓரமாகவே நடந்து மணலுக்கு வந்தேன். அலைதடுப்புக்குத் தெற்கே கரை அகலமாக விரிந்திருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் இந்த அகலத்துக்கு வடக்கே யாரோ விலை கொடுக்கிறார்கள். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகரும். கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் நீட்டினால் மணல் தென்புறம் தங்கிவிடும். வடபுறம் வரவு இல்லாமல் கடல் கரையைத் தின்னும். எண்ணூரிலும் புதுச்சேரியிலும் நாம் கண்ணால் பார்த்த பாடம் இது.

ஃபைபர் படகின் நிழலில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். அறுந்த கண்ணியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை உள்ளே விட்டு, ஒரு முடிச்சு, ஒரு சுண்டு. பேசும்போதும் கை நிற்கவில்லை.

"இந்தக் கரையோட நடந்து வடக்கே போவ முடியுமா அண்ணே?"

"முன்னெல்லாம் போனோம் தம்பி. இப்ப ரோட்டைச் சுத்திதான் போவணும். கடல் இங்கதான் இருக்கு, வழிதான் இல்ல."

காரைக்கால் நகரத்தில் அரசலாற்றங்கரையோடு கடற்கரைச் சாலை இருக்கிறது, பூங்கா இருக்கிறது, மாலையானால் குடும்பங்கள் வந்து உட்காருகின்றன. அதே மாவட்டத்தின் தென்கோடியில் உட்கார ஒரு பெஞ்சுகூட என் கண்ணில் படவில்லை. இலங்கைக் காங்கேசன்துறைக்கு இந்தத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பல் விடும் பேச்சு வந்தபோது வாஞ்சூரில் ஆட்டோவும் ஓட்டலும் பெருகும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். கப்பல் 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிவிட்டது.

இந்த ஊர் வளரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. துறைமுகம், தேசிய நெடுஞ்சாலை, ரயில் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வளர்ச்சி என்று சொல்வதில் இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு பங்கு வேண்டும். 2004 சுனாமியைத் தாங்கிய கரை இது. அதற்குச் சவுக்கும் பனையுமாக ஒரு மர வரிசை தேவை. தூசுக்கும் அது தடுப்பாகும். அதோடு மதிலைச் சுற்றிக் கடலுக்குப் போக யாரும் மறிக்காத ஒரு நடைபாதை போட வேண்டும். புதுச்சேரி அரசும் துறைமுக நிர்வாகமும் மனம் வைத்தால் இது பெரிய செலவே இல்லை.

நாகூர் கந்தூரிக்கு வருகிறவர்கள் அடுத்த முறை வெட்டாற்றைத் தாண்டி இங்கேயும் ஒரு எட்டு வாருங்கள். கடைத்தெருவோடு திரும்பிவிடாமல் கரை வரைக்கும் போய்ப் பாருங்கள். வழி வேண்டும் என்று கேட்க ஆள் கூடினால்தான் வழி கிடைக்கும்.