ஒன்று குறைந்த நான்கு

நான்கு எண்ணத் தெரிந்தவர்க்கு மூன்று எண்ணுவது எளிது என்று உலகம் நினைக்கிறது. கடைக் கணக்கில் அது உண்மையாகலாம். தாளக் கணக்கில் உண்மையன்று. இதனை நாம் இரு முறை கற்றோம். முதல் முறை, பத்து வயதில், மாட்டுங்கா வீட்டில் தந்தையார் முன் அமர்ந்து தொடையில் தாளம் தட்டியபோது. இரண்டாம் முறை, நாற்பதைக் கடந்த பின், செம்பூரில் நம் மகனுடைய கணினித் திரையின் முன் நின்றபோது.

தந்தையார் மேடைக் கலைஞர் அல்லர். பகலெல்லாம் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்தவர். மாலையில் பஜனைகளுக்கு மிருதங்கம் வாசித்தவர். சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளைக் காட்டி, முள் ஒரு முறை நகர்வதற்குள் ஒரு தட்டு என்று நமக்குப் பாடம் தொடங்கினார். அந்த ஒரு நொடிக்குள் ‘தகதிமி’ என நான்கையும், பிறகு ‘தகிட’ என மூன்றையும், பிறகு ‘தகதகிட’ என ஐந்தையும் சொல்ல வேண்டும். தட்டு அசையக் கூடாது; உள்ளிருக்கும் சொல் மட்டும் மாற வேண்டும். காலம் வேறு, நடை வேறு என்பார். நாமோ பணித் தேர்வை முன்னிட்டு மிருதங்கத்தைக் கைவிட்டோம். அந்தக் குறையை அவர் பேரனிடம் தீர்த்துக்கொண்டார். 1963-இல் எழுந்து, 1990-இல் தீக்கு இரையாகி, 1998-இல் மீண்டும் திறக்கப்பெற்ற சண்முகானந்தா அரங்கத்திற்குத் தாத்தாவும் பேரனுமாகச் செல்வர். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து வெளியே செல்வோரைக் கண்டால் இருவர் முகமும் ஒன்றுபோல் சுருங்கும்.

இரண்டாண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்தில் தந்தையார் காலமானார். அன்றோடு மகன் மிருதங்கத்தைத் தொடவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தும் தகுதி நமக்கேது? உறையிட்ட மிருதங்கம் அலமாரியின் மேல் ஏறியது. சாளரத்தருகே இருந்த நாற்காலியில் எவரும் அமரவில்லை. இரவு உணவுக்கு நான்கு தட்டுகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பது நம் இல்லாளுக்குப் பல மாதம் பழக்கமாயிருந்தது. வீட்டில் பேச்சு குறைந்தது. மகன் இரவெல்லாம் காதில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கணினி முன் அமர்ந்திருந்தான். விளையாடுகிறான் என்று நினைத்தோம், சினமும் கொண்டோம்.

அவன் செய்தது விளையாட்டன்று என்பது பின்னரே தெரிந்தது. 1983-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபாமிகாம் என்னும் விளையாட்டுப் பெட்டியை நம் தலைமுறையினர் அறிவர். அதன் போலிகள் நம் நாட்டுத் தொலைக்காட்சிகளிலும் கிணுகிணுத்தன. அதன் சில்லு ஒரே நேரத்தில் ஐந்து ஒலிகளையே எழுப்ப வல்லது: சதுர அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, பதிவு செய்த ஒலித்துணுக்கு ஒன்று. இவ்வளவு ஏழ்மையான கருவியைக் கொண்டு இன்றும் உலகெங்கும் இளைஞர் இசை அமைக்கின்றனர். அதற்கென அமைந்த மென்பொருள் ‘டிராக்கர்’ எனப்படும். 1987-இல் கார்ஸ்டன் ஓபார்ஸ்கி என்பவர் அமிகா கணினிக்காக ஆக்கிய ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ இவ்வகைக்கு வழிகாட்டி. நம் மகன் கையாள்வது, ஃபாமிகாம் சில்லுக்கென 2005-இல் வந்த ‘ஃபாமிடிராக்கர்’.

இதில் இசை இடமிருந்து வலமாகச் செல்வதில்லை. பேரேட்டின் பதிவுகள்போல் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்குகிறது. ஒரு பக்கத்திற்கு 64 வரி. நான்கு வரி ஒரு தட்டு எனக் கொண்டால் 16 தட்டு. அதாவது ஆதி தாளத்தில் சரியாக இரண்டு ஆவர்த்தனம். முக்கோண அலையின் சுருதியைச் சட்டென்று கீழிறக்கி மிருதங்கத்தின் தொப்பி ஒலியையும், இரைச்சலைக் கணநேரம் திறந்து மூடி வலந்தலையின் ‘த’ என்னும் அடியையும் அவன் செய்து வைத்திருந்தான். கை தொடாத மிருதங்கத்தைக் கணினிக்குள் கட்டிக்கொண்டிருந்தான் பிள்ளை. நாம் அறியவில்லை.

தாராவியில் வாழும் அவன் பள்ளித் தோழன் தமிழில் சொல்லிசை எழுதுபவன். தாராவி இளைஞர் குழுவான டோப்அடெலிக்ஸ் 2018-இல் வெளிவந்த ‘காலா’ படப் பாடல்களில் பங்கு பெற்றதை வியந்து வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவன். அவன் எழுதிய அடிகள் மும்மூன்றாக விழுந்தன. அடியில் ஓடும் தாளம் நான்காக இருக்க வேண்டும் என்றும் விரும்பினான். அதற்கு இசை அமைக்கும் பொறுப்பு நம் மகனுடையது.

ஓர் இரவு காதொலிப்பான் பழுதாகவே, அறையிலிருந்து ஒலி வெளியே கேட்டது. ‘தகிட’ என்று மூன்று அடி, பின் ஒரு வெற்றிடம், மீண்டும் ‘தகிட’, மீண்டும் வெற்றிடம். ஒரு கால் ஊனமுற்றவர் படியேறுவது போன்ற நடை. நாம் வாயிலில் நின்றவாறே, “அது திஸ்ரம் இல்லையப்பா, நாலில் ஒன்று விடுபட்டிருக்கிறது” என்றோம்.

அவன் திரும்பிப் பார்த்தான். “மூன்றுதானே வைத்திருக்கிறேன் அப்பா?”

“மூன்றுதான் வைத்திருக்கிறாய். இடம் நாலுக்குரியது.”

அவன் செய்த பிழை எளியது. நான்கு வரிகளில் முதல் மூன்றில் அடி வைத்து, நான்காவதை வெறுமையாய் விட்டிருந்தான். இப்பிழைக்கு இயந்திரமும் ஒரு காரணம். இவ்வகை இயந்திரங்களுக்கு நான்கின்மீது தனிப் பற்று உண்டு. 1980-இல் வந்த ரோலண்ட் டி.ஆர்.-808 என்னும் தாளப் பெட்டியில் பொத்தான்கள் 16. அப்பெட்டியைக் கொண்டுதான் இதே மும்பையில் 1982-இல் சரண்ஜித் சிங் என்னும் திரையிசைக் கலைஞர், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தின்மேல் அமர்த்தி ஓர் இசைத்தட்டுக்காகப் பதிவு செய்தார். நான்கில் அமர்வது இயந்திரத்தின் இயல்பு. மூன்றை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

எப்படிக் கேட்பது என்றான். நமக்குக் கணினி இசை தெரியாது. ஆனால் இருபதாண்டுகளாக எண்களோடு அலுவலகத்தில் உழல்பவர் நாம். ஒரு வரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டோம். ஃபாமிகாம் தொலைக்காட்சிப் படத்தின் வேகத்தையொட்டி நொடிக்கு ஏறத்தாழ 60 முறை துடிக்கிறது. அத்துடிப்பை ‘டிக்’ என்பர். வழக்கமாக ஒரு வரிக்கு 6 டிக் என்றான். அப்படியானால் நான்கு வரி கொண்ட ஒரு தட்டுக்கு 24. இருபத்துநான்கை மூன்றால் வகுத்தால் 8. வரிக்கு 8 டிக் என மாற்றி, ஒரு தட்டுக்கு மூன்று வரி மட்டும் வைக்கச் சொன்னோம். அவன் எஃப்-08 என்னும் கட்டளையை இட்டான். 48-ஆம் வரியில் டி-00 இட்டு அடுத்த பக்கத்திற்குத் தாவ வைத்தான். மும்மூன்றாக 48 வரி என்றாலும் அதே 16 தட்டு. அதே இரண்டு ஆவர்த்தனம். ஒலித்தது. தட்டு ஓர் இழையும் அசையவில்லை. நொண்டிய நடை நிமிர்ந்து நடந்தது.

ஆயினும் தோழன் கேட்டது இதுவன்று. வேகக் கட்டளை ஐந்து ஒலிகளையும் ஒருங்கே மாற்றிவிடும். அடியில் ஓட வேண்டிய நான்கும் மூன்றாகிவிட்டது. ஒரு கை நான்கு போட, மறு கை மூன்று போட வேண்டும். மீண்டும் தாளை எடுத்தோம். மூன்று அடிகளும் விழ வேண்டிய இடங்கள் 0, 8, 16. வரிகள் தொடங்கும் இடங்களோ 0, 6, 12, 18. எட்டு என்பது இரண்டாம் வரி தொடங்கி 2 டிக் கழித்து. பதினாறு என்பது மூன்றாம் வரி தொடங்கி 4 டிக் கழித்து. அடியைச் சற்றே தாமதிக்கச் செய்ய ஒரு கட்டளை உண்டாம். முதல் அடிக்குத் தாமதமில்லை, இரண்டாவதற்கு ஜி-02, மூன்றாவதற்கு ஜி-04. நான்காம் வரியில் இப்போதும் ஒன்றுமில்லை. ஆனால் அங்கே வெற்றிடம் கேட்கவில்லை. அதன் நேரத்தை மூன்று அடிகளும் தமக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன.

அப்போதுதான் நம் நெஞ்சில் ஒன்று தைத்தது. நால்வராய் வாழ்ந்த இல்லம் நம்முடையது. ஒருவர் மறைந்தபின் மூவராய் வாழ்வதாக நினைத்திருந்தோம். வாழவில்லை, ஒன்று குறைந்த நான்காகவே இரண்டாண்டு நொண்டினோம். அவர் இருந்த வரியை அப்படியே வெறுமையாய் வைத்து, அவ்விடம் வரும்போதெல்லாம் மூவரும் வாய்மூடி நின்றோம். அதனை மரியாதை என்று கருதினோம். மூன்று என்பது நான்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதன்று. முழுக் காலத்தையும் புதிதாக வகுத்தால் வருவது. மறைந்தவரின் பங்கு எங்கும் போய்விடுவதில்லை. இருப்பவர் ஒவ்வொருவரிடமும் சிறிது சிறிதாகச் சேர வேண்டியது அது.

இதனை நாம் மகனிடம் சொல்லவில்லை. அவன் அதற்குள் ஐந்துக்குச் சென்றிருந்தான். “கண்ட நடை வரவில்லை அப்பா, 24 ஐந்தால் வகுபடாது” என்றான். தட்டை மெதுவாக்கிப் பார் என்றோம். எவ்வளவு மெதுவாக என்றான். நாம் விடை சொல்லுமுன், தாத்தா கற்பித்த இடத்திற்கு அவனே போய்ச் சேர்ந்தான். தட்டுக்கு ஒரு நொடி. நொடிக்கு 60 டிக். அறுபது நான்கால் வகுபடும், 15. மூன்றால் வகுபடும், 20. ஐந்தாலும் வகுபடும், 12. விரைவில் இடம் பெறாத ஐந்து, நிதானத்தில் தானே வந்து அமர்ந்தது. மிச்ர நடையின் ஏழு மட்டும் அறுபதுக்குள் அடங்காது, 420 வேண்டும். “தாத்தா ஏழையும் அந்த ஒரு நொடிக்குள்தானே சொல்வார்?” என்றான் மகன். சொல்வார், கைக்கு டிக் கணக்கில்லை என்றோம். இருவரும் சிரித்தோம். தாத்தா என்னும் சொல் அவ்வறையில் ஒலித்து நெடுநாளாகியிருந்தது.

அடுத்த ஞாயிறன்று மிருதங்கத்தை அலமாரியிலிருந்து இறக்கினோம். வார் தளர்ந்திருந்தது, வலந்தலையின் சோறு வெடித்திருந்தது. வாசிக்காத வாத்தியம் தானாகவே கெடும் என்று தந்தையார் சொல்வதுண்டு. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து வந்தோம். அவர் பத்து நாள் தவணை கேட்டார். வீடு திரும்பியதும் மகன் சாளரத்தருகே இருந்த நாற்காலியில் அமர்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவாறு தொடையில் தட்டத் தொடங்கினான். அடுக்களையிலிருந்து மூன்று தட்டுகளோடு வந்த அவன் தாய், அந்த நாற்காலியைக் கண்டு ஒரு கணம் நின்றாள்; பிறகு ஒன்றும் சொல்லாமல் பரிமாறத் தொடங்கினாள்.