வாலற்ற அணு

செல்லூரில் தறியோசைக்கு நடுவே வளர்ந்த எனக்குக் கடல் என்பது, ஆடி அமாவாசைக்கு இராமேச்சுரம் சென்று காணும் பொருளாகவே இருந்தது. கல்லூரியில் விலங்கியல் பயின்ற நாளில் மாணவர் கூட்டமாய் மண்டபம் கடற்கரைக்குச் சென்றோம். ஏனையோர் சங்கும் சிப்பியும் பொறுக்க, யான் ஈரமணலை ஒரு புட்டியில் அடைத்துக்கொண்டு திரும்பினேன். இரயிலில் அடைந்த பரிகாசம் சிறிதன்று.

அம்மணலைக் கழுவிப் பூதக்கண்ணாடியில் நோக்கியபோது, மயிரினும் மெல்லிய உருண்டைப் புழுக்கள் நெளியக் கண்டேன். ஆண்புழு ஒன்றைப் பிளந்து விந்தணுக்களைத் தேடினேன். 1677இல் லேவன்ஹூக் கண்டு எழுதியவை வாலசைத்து நீந்தும் அணுக்கள். எம் பாடநூற் படமும் அதுவே. யான் கண்டனவோ வாலின்றி அசைவற்றுக் கிடந்தன. என் கைப்பிழையால் சிதைந்தன போலும் என்றெண்ணி, இல்லாத வாலைக் குறிப்பேட்டில் வரைந்துவிட்டேன்! அதற்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. என் தந்தையார் தறியை விட்டிறங்கி வந்து படத்தை நெடுநேரம் நோக்கி, "தம்பி, இவை ஓடினவா?" என்று வினவினார். "ஓடின, அப்பா" என்றேன்.

உண்மை யாதெனில், இவ்வுருண்டைப் புழுக்களின் விந்தணுக்களுக்கு வாலே கிடையாது. ஆணின் உடலில் பெரும்பாலும் உருண்டையாய் அடங்கிக் கிடப்பவை, பெண்ணுடலை அடைந்ததும் பொய்க்கால் நீட்டி ஊர்ந்து செல்லும். கடல்மணலில் வாழும் மாக்ரோஸ்டோமம் என்னும் தட்டைப்புழுவின் கதையோ இன்னும் விந்தை. அவை ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாம். அவற்றுட் பலவற்றின் விந்தணுவில் இரு பக்கமும் விறைத்த முட்கள் உண்டு. இணைந்தபின் அப்புழு தன் துவாரத்தில் வாய் வைத்து உறிஞ்சும். அதற்கு அகப்படாது பற்றிக்கொள்ளவே அம்முட்கள் என்று பாசல் நகரத்து லூக்காஸ் ஷேரர் குழுவினர் 2011இல் எழுதினர். ஊசிபோற் குத்தி விந்தைச் செலுத்தும் இனங்களிலோ முட்கள் இல்லை. நம் நாட்டிலும் வால்டேர்க் கடல்மணலின் நுண்ணுயிர்களைச் சந்திரசேகர ராவும் கணபதியும் 1960களில் ஆராய்ந்தனர்.

இவற்றை யான் அறிந்தபோது தந்தையார் இல்லை. சென்ற ஆண்டு செல்லூர்க் கண்மாய்ச் சேற்றை அள்ளிப் பார்த்தேன். அங்குள்ள உருண்டைப் புழுவிலும் வாலற்ற அணுக்களே! மண்டபம் வரை சென்றிருக்கவே வேண்டுவதில்லை. பழைய குறிப்பேட்டை எடுத்து, வால்களைச் சுரண்டிவிட எண்ணி, பின் அங்ஙனம் செய்யாது, படத்தின் கீழே அன்றைய தேதியிட்டு, "வால் யான் கண்டதன்று, அவை ஓடவுமில்லை" என்று எழுதி வைத்தேன்.