கிரைண்டர் வாங்கமுதல்

சுவிஸில் ஷ்லீரனுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் எந்தக் கிரைண்டர் வாங்கலாம் என்று கேட்டார். எல்லாருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

வாட்ஸை மட்டும் பார்த்து வாங்காதேங்கோ. இங்கத்தைய பிளெண்டர்கள் பெரும்பாலும் பழச்சாறுக்கும் சூப்புக்கும் செய்தவை. தண்ணி விடாமல் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டால் பிளேட் வெறுமனே சுத்தும், மோட்டர் கொதிக்கும். இந்தச் சிக்கல் புதிதில்லை: 1960களில் இந்தியாவில் மாதுரி மாத்தூர் என்ற பெண்ணின் ஜெர்மன் மிக்சர் பழுதாகி, அங்கே திருத்த வழியில்லாமல் போனதால்தான் அவருடைய கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் சுமீத் என்ற இந்திய மிக்ஸியை உருவாக்கினார்.

அப்படியான இந்திய மிக்ஸிக்கும் இங்கத்தைய 230 வோல்ட் பொருந்தும். பிளக்கை மட்டும் மாத்தவேணும். முதலில் தேய்வது ஜாருக்கு அடியில் இருக்கிற கப்ளிங். அதுவும் வாஷரும் தனியாக வாங்கலாமா என்று கடையில் கேட்டுவிட்டுக் காசைக் குடுங்கோ. கிடைக்காதென்றால், எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.