எண்ணிப் பாராத கணக்கு

நாம் தோட்டத்துக் கிராணியாய் அமர்ந்த முதலாண்டில், ஒருநாட் காலைப் பிரட்டில் நேரமாகிவிட்டதென்று தலைகளை எண்ணாமல், கங்காணியார் சொன்ன கணக்கையே பதிவேட்டில் எழுதிவிட்டோம். மாதக் கடைசியில் பால்மரம் வெட்டும் மூதாட்டி ஒருவருக்கு ஒருநாட் கூலி குறைந்தது. “கிராணி ஐயா, நான் வந்திருந்தேனே” என்றார் அவர். நமக்கு மறுமொழி எழவில்லை.

இன்று அக்கூலிப் பட்டியல் கணினி வழியே வங்கிக்குச் செல்கிறது. இவ்வாறு செல்லுஞ் செய்திகளை இடையில் எவரும் படியாவண்ணம் காப்பதே மறையாக்கம். அதற்கு உலகெங்கும் பெரிதும் பயன்படுவது ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம், திருத்தமுங் கூறலாம்.

2014 ஏப்ரலில் அம்மென்பொருளில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை, நம் பிழைக்கு உடன்பிறப்பேயாம். 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு புதுவசதி சேர்ந்தது. தொடர்பு அறாதிருக்கிறதா என்றறிய, ஒரு கணினி ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மற்றது அச்சொல்லைத் திருப்பியனுப்பும். சொல்லப்பட்ட நீளம் மெய்தானா என்று நிரல் எண்ணிப் பார்க்கவில்லை. ஆகவே, நீளத்தை மிகைத்துக் கூறியவனுக்கு, நினைவகத்தில் அருகே கிடந்த இரகசியங்களையும் ஒருமுறைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. ஈராண்டுக் காலம் அப்பிழை திருத்தப்படாமலே கிடந்தது.

கதவு திறந்திருந்தது, உள்ளே வந்து பார்ப்போர்தாம் இலர். அந்நாளில் அதற்கென முழுநேரம் உழைத்தவர் ஒருவரே. ஆண்டு நன்கொடையோ ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர்!

அவ்வாண்டு ஜூன் இறுதியில் அக்குழுவினர் வருங்காலத் திட்டமொன்றை வெளியிட்டனர். அது புது அலங்காரங்களோடு தொடங்கவில்லை. தேங்கிக் கிடக்கும் முறையீடுகள், நிறைவுபெறா விளக்கவுரை, ஒருவர் எழுதியதைப் பிறர் சோதியாமை எனத் தம் குறைகளையே முதலில் அடுக்கிற்று. சீர்திருத்தம் என்பது இதுவன்றோ?

2025 ஏப்ரலில் வந்த 3.5ஆம் பதிப்பு, குவாண்டம் கணினிகள் வலுப்பெறினும் தாங்குமெனக் கருதப்படும் புதுமுறைகளை ஏற்றது. அது வேண்டியதே. ஆயினும் புதுப்பூட்டுச் செய்வோர் எத்துணை வேண்டுமோ, அதனைச் சோதிப்போரும் அத்துணை வேண்டும். அவர்க்கு ஊதியம் யார் தருவது? இலவசமாய்ப் பயன்பெறும் நிறுவனங்களும் நாமும் அன்றோ இதற்கு விடை கூறவேண்டும்?

மூதாட்டியின் கூலியை மறுமாதமே சேர்த்துக் கொடுத்தோம். அன்றுமுதல் எத்துணை அவசரமாயினும், தலைகளை எண்ணாமல் நாம் பேனாவைத் திறப்பதில்லை.