கல்கத்தாவின் மூன்று தெருக்களும் ஒரு பழைய பேஸ் கிடாரும்

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் நாம் அவர்களைக் காளிகாட்டுக்கும் தட்சிணேசுவரத்துக்கும் பேலூர் மடத்துக்கும் அழைத்துச் செல்கிறோம். விக்டோரியா நினைவு மண்டபத்தைக் காட்டுகிறோம். லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் மல்லிகைப் பூவும் கிடைப்பதைப் பெருமையோடு சொல்லுகிறோம். ஆனால் 2001-இல் கொல்கத்தா என்று பெயர் மாறியும் நம் வீடுகளில் இன்னும் கல்கத்தாவாகவே இருக்கும் இந்நகருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பழுதான பொருளை எறிந்துவிடாமல் செப்பனிட்டுப் பிழைக்கவைக்கும் தொழில் இங்கே தெருத் தெருவாக வாழ்கிறது. அத்தகைய தெருக்களில் மூன்றை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது ஒரு பழைய மின்சார பேஸ் கிடார்.

என் அண்ணன் மகளுக்கு வயது 15. இந்நகரிலேயே பிறந்து வளர்ந்தவள். நம் சங்கத்துப் பிள்ளைகளின் மெல்லிசைக் குழுவில் பாடுவோர் பலர். கீபோர்டு வாசிப்போரும் உண்டு. பேஸ் வாசிக்க மட்டும் ஆள் இல்லை. “நான் கற்றுக்கொள்கிறேன், சித்தப்பா” என்று அவள் முன்வந்தாள். புதியது வாங்க அண்ணனுக்கு வசதி இல்லை. “பழையதாகக் கிடைத்தால் வாங்கிக் கொடு. ஆனால் பணத்தைப் போட்ட பிறகு அது மூலையில் கிடந்தால், இந்தப் பேச்சை இனி யாரும் எடுக்கக் கூடாது” என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே அப்பெண்ணுக்கு வாய்த்தது ஒரே ஒரு சந்தர்ப்பம். பழுது பார்ப்பதில் எனக்கோ அவளுக்கோ முன் அனுபவம் கிடையாது.

பேஸ் கிடாருக்குத் தந்திகள் நான்கு. சாதாரணக் கிடாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே அவை ஒலிக்கும். அடித் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறைதான் அதிர்கிறது. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பால் டுட்மார்க் என்பவர் 1930-களிலேயே இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். எனினும் 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன்’ என்னும் கருவியே உலகெங்கும் பரவியது. அதற்கு முன்பு ஆளுயரப் பெரிய பேஸ் வாத்தியத்தை நிறுத்திவைத்து வாசித்தார்கள். அதில் மெட்டுகள் இல்லை. புதிய கருவியில் மெட்டுகள் இருந்ததால் சுருதி பிசகாமல் விரல் வைக்க முடிந்தது. ‘துல்லியம்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு வந்த காரணம் இதுவே.

இவ்வாத்தியம் நம் செவிக்குப் புதிதன்று. 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரையுலகில் இசையமைப்பாளராக அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் தனிப் பாட்டொன்றைப் பாடிக்கொண்டே உடன் வருவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அவர் இசையமைப்பாளர் ஆவதற்கு முன் வங்காளத்து மேதை சலீல் சௌத்ரியின் இசைக்குழுவில் கிடார் வாசித்தவர். அந்தச் சலீல் சௌத்ரியே 1979-இல் ‘அழியாத கோலங்கள்’ என்னும் தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தார். ஆகவே கிடார் தேடி வங்காளத்துத் தெருக்களில் நடந்த நாங்கள் அந்நிய பூமியில் நடக்கவில்லை.

முதல் தெரு, நியூ மார்க்கெட்டுக்குப் பின்புறமுள்ள ஃப்ரீ ஸ்கூல் தெரு. மிர்ஸா காலிப் தெரு என்பது அதன் இன்றைய பெயர். ஹவுராவிலிருந்து வருவோர், ஆற்றின் அடியாக 2024-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோவில் எஸ்பிளனேடு வந்து இறங்கினால் அங்கிருந்து நடந்தே போகலாம். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1811-இல் பிறந்த இடம் இத்தெருவில்தான் இருக்கிறது; அங்கே இப்போது ஆர்மேனியக் கல்லூரி நடைபெறுகிறது. தெருவின் தென்கோடி பார்க் தெருவைத் தொடுகிறது. பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதுப், 1960-களின் இறுதியில் பார்க் தெருவின் டிரின்காஸ் உணவகத்தில் பாடிப் புகழடைந்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். இப்பகுதியில் பழைய இசைத்தட்டுகளும் கைமாறிய கிடார்களும் விலைக்குக் கிடைக்கின்றன.

ஒரு கடையின் உட்புறத்தில் தந்திகள் துருவேறிய பேஸ் ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. பழைய வாத்தியம் வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியது வண்ணத்தை அன்று, கழுத்தை. தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைப்பக்கத்திலிருந்து நீளவாட்டில் பார்க்கவேண்டும். கழுத்து முன்புறம் சற்று வளைந்திருந்தால் சரிசெய்துவிடலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் வாங்கக் கூடாது. முறுக்காணிகள் நான்கும் சுழல்கின்றனவா, மெட்டுகள் தேய்ந்து பள்ளமாகிவிட்டனவா என்று அடுத்துப் பார்க்கவேண்டும். மற்றவை சில்லறைச் செலவில் அடங்கும். விலை பேசியவள் அவள்தான். நான் இந்நகருக்கு வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. என் வங்காளம் அலுவலகத்துக்கும் மீன் சந்தைக்கும் போதுமானது. அவளுடைய வங்காளமோ பிறந்த மண்ணின் பேச்சு. கடைக்காரர் சிரித்துக்கொண்டே 4,500 ரூபாய்க்கு இறங்கி வந்தார்.

வீட்டில் அதைச் செய்தித்தாளின்மேல் கிடத்தியபோது அண்ணியார், “இது வீணைக்குச் சிற்றப்பன் மகன் போலிருக்கிறதே” என்றார். அது உண்மையே. குடம், தண்டி, பிருடை, மெட்டு, குதிரை என்று வீணைக்கு நாம் சொல்லும் உறுப்புகளில் குடம் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு ஈடானவை இதிலும் உண்டு. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருக்கும். இதன் மெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கப்பட்டவை. குடத்தின் வேலையை இங்கே காந்தம் செய்கிறது. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. எஃகுத் தந்தி அதன்மேல் அதிரும்போது கம்பியில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்ட தத்துவம் இதுதான். இவ்வுறுப்பைப் பிக்கப் என்கிறார்கள்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். திருகாணிகளைத் தனித்தனித் தாளில் மடித்து எண் இட்டோம். பிறகு மல்டிமீட்டரைப் பிக்கப்பின் இரு முனைகளிலும் வைத்தோம். அது சில ஆயிரம் ஓம் காட்டியது. சுருள் அறவில்லை என்பது தெரிந்தது. அது அறுந்திருந்தால் செலவு எங்கள் கைக்கு எட்டியிராது. எஞ்சிய குறைகள் மூன்று: ஒலிபெருக்கிக்குக் கம்பி செருகும் ஜாக் துருப்பிடித்திருந்தது, வால்யூம் கண்ட்ரோல் கரகரத்தது, குதிரையின் அடியில் சேரவேண்டிய எர்த் கம்பி அறுந்திருந்தது. இந்த எர்த் கம்பி இல்லாவிட்டால் வாத்தியத்திலிருந்து ஓயாத இரைச்சல் எழும்.

இரண்டாவது தெரு, சாந்தினி சந்தை. சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் மின்கருவிகளின் உதிரி உறுப்புகள் குவிந்து கிடக்கின்றன. 250 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் என்று கேட்டவுடன், “ஏ குறியா, பி குறியா?” என்றார் கடைக்காரர். பி குறியில் தடை ஒரே சீராக ஏறும். ஆனால் நம் செவி ஒலியை அவ்வாறு அளப்பதில்லை. ஏ குறி செவியின் இயல்புக்கு ஏற்பச் செய்யப்பட்டது. அதை வாங்கினோம். 0.047 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும், கால் அங்குல ஜாக் ஒன்றும் வாங்கினோம். இந்த ஜாக் பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் பிறந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

பற்றவைக்கும் வித்தையையும் அக்கடைக்காரரே சொல்லிக்கொடுத்தார். ஈயத்தை இரும்பின் நுனியில் உருக்கிச் சொட்டவிடக் கூடாது. இணைக்கவேண்டிய உலோகத்தைச் சூடாக்கி, அந்தச் சூட்டில் ஈயம் தானே உருகி ஓடவேண்டும். ஆறியபின் பளபளத்தால் பற்று நல்லது. மங்கிக் குருணையாக இருந்தால் மீண்டும் செய்யவேண்டும். கழிவுக் கம்பித் துண்டுகளில் இரண்டு மாலை பழகிய பிறகே வாத்தியத்தைத் தொட்டோம். மெட்டுகளின் அழுக்கைச் சன்ன எஃகுப் பஞ்சால் துடைத்தபோது பிக்கப்பைக் காகித நாடாவால் மூடிவைத்தோம். இல்லையெனில் இரும்புத் துகள்களைக் காந்தம் இழுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும்.

புதிய தந்திகள் பூட்டினோம். ஓசை வந்தது. ஆனால் ஐந்தாம் மெட்டின் அருகே தந்தி பறை போல அதிர்ந்தது. கழுத்தின் நடுவில் தந்திகள் மிக உயர்ந்தும் நின்றன. அது எங்கள் கைக்கு மேற்பட்ட வேலை. ஆகவே மூன்றாவது தெருவுக்குப் போனோம்.

சாந்தினியிலிருந்து பென்டிங்க் தெரு வழியே வடக்கே நடந்தால் லால்பஜார் வரும். போலீஸ் தலைமையகத்தைக் கடந்தவுடன் தொடங்கும் ரவீந்திர சரணிதான் பழைய சித்பூர் சாலை. சிதார், தபேலா, ஆர்மோனியம், வயலின், கிடார் என்று வாத்தியக் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஒரு கடையின் பின்னால், இருவர் உட்காரும் இடத்தில், முதிய மிஸ்திரி ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். “இதற்கு வண்ணம் அடித்துப் புதிதாக்கிவிடலாமா, தாதா?” என்று நான் கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்தார். “வண்ணம் வாசிக்காது. மெட்டுகளில் இன்னும் உயிர் இருக்கிறது. எது கெட்டதோ அதை மட்டும் தொடுவோம்” என்றார்.

சிறிய எஃகு அளவுகோலை மூன்று மெட்டுகளின்மேல் வைத்து அசைத்துப் பார்த்தார். ஐந்தாம் மெட்டில் அது ஊஞ்சலாடியது. மெட்டு மரத்திலிருந்து ஒரு மயிரளவு எழும்பியிருந்தது. இரண்டு மெல்லிய தட்டில் அது இருப்பிடம் சேர்ந்தது. பிறகு கழுத்தைப் பார்த்தார். நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோகிராம் விசையோடு கழுத்தை முன்னே இழுக்கின்றன. அதற்கு எதிராக இழுப்பதற்கே கழுத்தினுள் ட்ரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி வைத்திருக்கிறார்கள். அதை அளவுக்கு மீறித் திருகினால் கம்பி அறும் அல்லது மரம் பிளக்கும். அதன்பின் வாத்தியம் விறகுதான்.

மிஸ்திரி தந்திகளைச் சற்றுத் தளர்த்தினார். ஆலன் கீயை எடுத்தார். அதை என்னிடம் நீட்டாமல் அவளிடம் நீட்டினார். “வாசிக்கப்போவது நீதானே, அம்மா? கால் திருப்பு. அதற்குமேல் வேண்டாம்” என்றார். அவள் கை நடுங்கியது, எனினும் திருப்பினாள். மரம் மெல்ல முனகியது. “இனி மரத்துக்கு ஒருநாள் அவகாசம் கொடு. நாளை வா” என்று அனுப்பிவிட்டார். அன்றிரவு அவள் சரியாக உறங்கவில்லை என்று அண்ணியார் சொன்னார்.

மறுநாள் தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் அழுத்தி, நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தார் மிஸ்திரி. ஒரு விசிட்டிங் கார்டின் கனம் இருந்தது. “போதும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடிக்கும். இது மீண்டும் அசையும். அப்போது நீயே பார்த்துக்கொள்வாய்” என்றார். வீட்டுக்கு வந்து, பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய ஓசையையும் அதே இடத்தில் விரலால் தொட்டெடுத்த ஓசையையும் ஒப்பிட்டோம். அழுத்திய ஓசை ஏறியிருந்த தந்திகளுக்குக் குதிரையைக் கழுத்திலிருந்து சற்று விலக்கிச் சுருதி சேர்த்தோம்.

கணக்கு இது: வாத்தியம் 4,500; தந்திகள் 1,600; உதிரி உறுப்புகள் 420; மிஸ்திரியின் கூலி 600; ஆக 7,120 ரூபாய். புதியதற்குக் கடைகளில் எங்களிடம் கேட்ட விலையில் இது பாதிக்கும் குறைவு. ஆனால் லாபம் பணத்தில் மட்டும் இல்லை. தன் வாத்தியத்தின் ஒவ்வோர் ஆணியையும் அவள் அறிவாள். அதனால் அது மூலையில் கிடக்கவில்லை. சங்கத்தின் ஒத்திகையில் அவள் முதன்முறை வாசித்தபோது யாரும் அவளைக் கவனிக்கவில்லை. இடையில் அவள் நிறுத்தியபோது பாடிக்கொண்டிருந்தவர்கள் அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். பேஸ் வாசிப்போருக்குக் கிடைக்கும் பாராட்டு அத்தகையது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வாத்தியத்துக்கு ஓர் உறை வாங்கி வந்தார்.

மலிவான புதுப் பொருள்கள் வந்து குவியும் இக்காலத்தில் செப்பனிடும் தொழிலுக்கு ஆதரவு குறைந்து வருகிறது. அந்த மிஸ்திரியின் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அவருக்குப் பின் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. இத்தெருக்கள் அரசாங்கம் காக்கும் நினைவுச் சின்னங்கள் அல்ல. வேலை வந்தால்தான் வாழும். உங்கள் வீட்டுப் பரணிலும் ஊமையாகக் கிடக்கும் வீணையோ வயலினோ ஆர்மோனியமோ இருக்கலாம். ஒரு சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு லால்பஜாருக்குப் போய்வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். விலை பேச அவர்கள் உதவுவார்கள்.