வெள்ளிமலையில் ஒரு பிஷப்

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்ததும் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறினேன். பதினாலு வயசு. வளைவுக்கு வளைவு குளிர்ச்சி கூடியும் அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

குகேஷ் 2024 டிசம்பரில், 18 வயசில் உலக சாம்பியன் ஆனபோது செஸ் வகுப்பில் சேர்ந்தவள். இப்போது விடப்போகிறாளாம்.

"ஸ்டாக்ஃபிஷ் ஒரு செகண்ட்ல சொல்லிடுது மாமா. நான் எதுக்கு அரைமணி நேரம் யோசிக்கணும்?"

நியாயமான கேள்வி. நம்மில் பலர் பல விஷயங்களில் இப்போது கேட்பதும் இதைத்தான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

செஸ் எஞ்சின்களுக்கும் நம் பிள்ளைகளைப் போலப் பரீட்சை உண்டு, தெரியுமோ? வினாத்தாளில் சிக்கலான ஆட்ட நிலைகள் இருக்கும்; ஜெயிக்கும் நகர்த்தலை எத்தனை விநாடியில் கண்டுபிடிக்கிறது என்பதற்கு மார்க். 1982-ல் வந்த பிராட்கோ-கோபெக் பரீட்சையில் 24 நிலைகள். ஃபிரெட் ரெய்ன்ஃபெல்டின் புத்தகத்திலிருந்து எடுத்தது 300.

எனக்குப் பிடித்த கேள்வி 1998-ல் லினாரெஸில் டோபலோவும் ஷிரோவும் ஆடியதில் இருக்கிறது. வெள்ளிமலை டீக்கடை பெஞ்சில் அதை அடுக்கினேன். நீங்களும் அடுக்குங்கள். வெள்ளை: ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய்கள் ஜி2, எச்4. கறுப்பு: ராஜா இ6, பிஷப் எஃப்5, சிப்பாய்கள் ஏ4, டி5, எஃப்6, ஜி6. கறுப்பின் முறை. பிஷப்கள் எதிரெதிர் நிறக் கட்டங்களில் இருப்பதால் டிரா போலத் தெரியும். ஆனால் ஜெயிக்கலாம்.

"போனைக் கவுத்து வை" என்றேன்.

பிஷப்பை இ4-ல் வைத்தாள், எடுத்தாள். சிப்பாயைத் தள்ளினாள். டீ ஆறிப்போனது. இருபது நிமிஷம் கழித்து, "ராஜா எஃப்5, இ4-ன்னு உள்ளே போகணும் மாமா. நம்ம பிஷப்பே வழியில நிக்குது" என்றாள்.

"சரி, எங்கே வைப்பே?"

"எங்கே வெச்சாலும் அதுக்குள்ள வெள்ளை ராஜா வந்து மறிச்சிடுது." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "சும்மா குடுத்துட்டா?"

எச்3! பிஷப் தானாகவே சிப்பாயின் வாயில் போய் விழுகிறது. டோபலோவ் வெட்டினார். அதற்குள் கறுப்பு ராஜா உள்ளே புகுந்துவிட்டது. ஷிரோவுக்கு வெற்றி.

அந்தக் காலத்து எஞ்சின்களுக்கு இது அகப்படவில்லை. பிஷப் நஷ்டம் உடனே தெரியும். லாபம் பல நகர்த்தல்களுக்கு அப்பால் இருக்கிறது. ராத்திரியில் கொண்டை ஊசி வளைவு மாதிரி, ஹெட்லைட் எட்டும் வரைதான் சாலை. 1997-ல் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. வேகம்தான் அதன் பலம். 2017-ல் வந்த ஆல்ஃபாஸீரோ பார்த்தது வெறும் 80 ஆயிரம். எதிரே ஸ்டாக்ஃபிஷ் 7 கோடி. நூறு ஆட்டத்தில் ஆல்ஃபாஸீரோவுக்கு 28 வெற்றி, மீதி 72 டிரா. தனக்குத்தானே ஆடிப் பழகி, எந்த வழி உருப்படும் என்று ஊகிக்கக் கற்றிருந்தது. 2020-ல் ஸ்டாக்ஃபிஷ்ஷும் நியூரல் நெட்வொர்க் வைத்துக்கொண்டது. அதாவது, மெஷினே கொஞ்சமாகப் பார்த்து நிறைய யோசிக்கப் பழகும்போது நாம் அதை விடப் பார்க்கிறோம்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. போனை நிமிர்த்தி அதையும் கேட்கச் சொன்னேன். நெட் இல்லாமலே ஓடுகிற சமாச்சாரம். சற்று நேரத்தில் அதுவும் எச்3 என்றது.

"அதுக்கும் கொஞ்சம் டைம் ஆச்சு, பாத்தியா மாமா?" என்றாள். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

வகுப்பைத் தொடர்வாளா, தெரியாது. ராத்திரி கள்ளக்குறிச்சி திரும்பியதும் அவள் அப்பாவைப் பிடித்து உட்காரவைத்து அதே நிலையை அடுக்கினாள். நான் படுக்கப் போகும்போது கேட்டது:

"போனைத் தொடக்கூடாதுப்பா. யோசி!"