என் முறை வரும் நாளில்

2005 தொடக்கத்தில் நாகப்பட்டினத்துக்குத் தொண்டு செய்யப் போனவர்களில் நானும் ஒருவன். கல்லூரி முடித்து, வேலை கிடைக்காமல், வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம். சுனாமியில் தமிழ்நாட்டில் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் 6,000 பேருக்கு மேல் நாகை மாவட்டத்தில் இறந்தவர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் வீட்டைவிட்டு வெளியேறினால் போதும் என்ற நினைப்பும் அதில் பாதி இருந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். நான் சொல்ல வந்தது வேறு.

வெளிப்பாளையத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டில் தங்கியிருந்தோம். பையன்கள் கூடத்திலும் திண்ணையிலும், பெண்கள் உள்ளறையில். முதல் வாரமே முறைப் பட்டியல் ஒன்று எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினோம்: சமையல், பாத்திரம், தண்ணீர், கக்கூஸ் கழுவுதல். ஆண், பெண் எல்லார் பெயரும் மாறி மாறி வரும்படி எழுதியிருந்தது. எழுதியவன் நான்தான். இதில் பேதம் கூடாது என்று அன்றைக்கு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன்.

அந்தப் பட்டியலை முதலில் மீறியவனும் நானே. என் முறை வரும் நாளில் விடியும் முன்பே எனக்கு அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ அவசர வேலை வந்துவிடும். “ஃபீல்டுக்குப் போறேன்” என்றால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஃபீல்டு வேலை இல்லாத நாட்களிலும் போனேன். முந்தின நாளே நிரப்பி முடித்த படிவங்களைப் பையில் வைத்துக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் மத்தியானம்வரை தினத்தந்தி படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திரும்பும்போது சோறு தயாராக இருக்கும். கடல் மீனைத் தொடவே ஜனங்கள் பயந்த மாதங்கள் அவை. எங்கள் வீட்டில் தினமும் ரசமும் உருளைக்கிழங்கும்தான். அதற்கும் நான் குறை சொன்னதுண்டு.

என் முறையையும் சேர்த்துச் சமைத்தது தேனிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னைவிட நன்றாகப் படித்தவள். நாங்கள் கொண்டுவரும் படிவங்களைச் சரிபார்த்து, குடும்பவாரியாகப் பேரேட்டில் ஏற்றியதும் அவள்தான். அடுப்பு வேலை முடித்து, ராத்திரியில்.

அப்போது நான் மும்முரமாக இருந்த விஷயம் தலைக்கட்டுக் கணக்கு. பெரும்பாலான மீனவக் குப்பங்களில் ஊருக்கு வரி கொடுக்கும் ஆண்தான் தலைக்கட்டு. நிவாரணப் பொருளைப் பஞ்சாயத்தார் அந்தக் கணக்குப்படிதான் பிரித்தார்கள். புருஷன் இல்லாத பெண்கள் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். தார் அட்டைக் கொட்டகைகளில், பத்து மணிக்கே தகிக்கும் வெக்கையில் உட்கார்ந்து அவர்களின் பெயர்களை எழுதினேன். பஞ்சாயத்தாரிடம் வாதாடினேன். அது பொய்யில்லை, உண்மையாகவே கோபப்பட்டேன். கட்டித்தரப்போகும் வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கும் என்று மார்ச் கடைசியில் அரசாணை வந்தபோது, ஏதோ நானே போராடி வாங்கியதுபோலத் துள்ளினேன்.

இதையெல்லாம் சேர்த்து ஓர் அறிக்கை எழுதி, ஒருநாள் இரவு எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை என்று ஒரு பத்தி. அவள் பின்கட்டில் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் எழுந்து வந்து, கை ஈரத்தோடு நின்று கேட்டாள்: “நாளைக்கு உங்க முறைண்ணே. இருப்பீங்களா, இல்ல நானே பாத்துக்கிடவா?”

“பாத்துக்கம்மா” என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

மே மாதம் ஒரு பெரிய நிறுவனம் களப் பணியாளர் எடுத்தது. நானும் போனேன், அவளும் வந்தாள். எத்தனை குப்பங்களுக்குப் போயிருக்கிறீர்கள் என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. நான் கடகடவென்று பெயர்களை அடுக்கினேன். அவளால் அவ்வளவு சொல்ல முடியவில்லையாம், வெளியே வந்து சொன்னாள். ஆனால் என்னிடம் அவர்கள் இன்னொன்றும் கேட்டார்கள். எங்கள் பேரேடு மேசைமேல் இருந்தது. “இவ்வளவு சுத்தமா யார் எழுதினது?” என்றார் ஒருவர். அவள் பெயரைச் சொல்ல ஒரு நொடி போதும். “நாங்கதான் சார், டீம் ஒர்க்” என்றேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அவள் ஜூனில் ஊருக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை. அன்றைக்கு நிஜமாகவே ஃபீல்டு இருந்தது என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஃபீல்டுக்குப் பிற்பகலில் போயிருந்தாலும் போதும்.

எங்கள் வீட்டில் என் தட்டை நான் எடுத்ததில்லை, அம்மா விட்டதில்லை என்று வளர்ப்பின்மேல் பழி போடலாம்தான். ஆனால் முறைப் பட்டியல் எழுதத் தெரிந்தவனுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. மற்றப் பையன்களும் நழுவினார்கள். அவர்களாவது பிரசங்கம் செய்யவில்லை.

அந்த வேலையைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்து ஏறிவந்து, இன்று புதிதாக வரும் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தலைக்கட்டுக் கதையைத் தவறாமல் சொல்வேன். பட்டியலுக்கு வெளியே நின்ற பெண்கள், கொட்டகை வெக்கை, பஞ்சாயத்தாரோடு வாதாடியது எல்லாம் வரும். வெளிப்பாளையத்து அடுப்படி மட்டும் வராது. போன மாதம்கூட ஒரு கல்லூரியில் பேசினேன். அப்போதும் சொல்லவில்லை.